கனகபுராவுக்கு அப்பால்: பெங்களூரில் கார் பழகியவர்கள் கிராமத்து ரோட்டில் இறங்கும் முன்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரண்டு மூன்று வருடத்தில் முதல் கார் வாங்கும் நம் ஆட்கள் பலருக்கும் ஒரு தெம்பு வரும். சில்க் போர்டு சிக்னலில் ஓட்டியாயிற்று, ஹெப்பால் மேம்பாலத்தில் ஓட்டியாயிற்று, இனி எந்த ரோடாக இருந்தால் என்ன? எனக்கும் அந்தத் தெம்பு இருந்தது. ஹலகூரைத் தாண்டி ஒரு கிளை ரோட்டில் திரும்பிய பத்தாவது நிமிடம் அது இறங்கிவிட்டது. எதிரே ஒரு பால் வேன். நான் இடது பக்கம் ஒதுங்கினேன், இடது சக்கரம் இரண்டும் தாரை விட்டு மண்ணில் விழுந்தன. பதறிப்போய் ஸ்டியரிங்கை வலது பக்கம் வெட்டினேன். கார் ஒரே பாய்ச்சலில் ரோட்டைக் குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்கப் புளியமரத்துக்கு இரண்டு முழம் முன்னால் போய் நின்றது. அதற்குள் வேன் கடந்து போயிருந்தது. அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.

நகரத்தில் நாம் பழகுவது 20 கிலோமீட்டர் வேகத்தில் அடுத்த வண்டியின் கண்ணாடியை உரசாமல் நுழைவது. கிராமத்து ரோட்டில் அந்த வித்தைக்கு வேலையே இல்லை. ரோடு காலியாகக் கிடக்கும், கால் தானாக அழுத்தும். ஆனால் அந்த ரோடு காலி இல்லை. அது ஒரு வீட்டுக்கு வாசல், ஒரு மாட்டுக்குத் தொழுவத்துக்குப் போகிற வழி, மார்கழியில் ராகி காயப்போடும் களம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே எழுதியிருப்பதில் பாதி தானாக விளங்கிவிடும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் போகும் பெரிய ரோட்டைப் பற்றி இங்கே பேசவில்லை. நம்மவர்கள் அடிக்கடி எடுக்கும் மூன்று உள்வழிகள்தான் என் கணக்கு. கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலம். கொள்ளேகாலில் பிரிந்து ஹனூர், மாதேஸ்வரன் மலை, பாலாறு வழியாக மேட்டூர். ஆனேக்கல்லில் தொடங்கி தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்.

முதலில் வண்டி

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். கார் வாங்கிய நாளிலிருந்து அதில் காற்று பிடிக்காதவர்களை எனக்குத் தெரியும். நானே அதில் ஒருவன். இப்போது வரும் பல கார்களில் ஸ்டெப்னி சிறிய அளவில் இருக்கிறது. அதிகபட்ச வேகம் அதன் மேலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 80. சில கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் ஒட்டும் கிட் மட்டும்தான். உங்கள் டிக்கியில் எது இருக்கிறது என்று காட்டுக்குள் நின்றுகொண்டு கண்டுபிடிக்க வேண்டாம்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒருமுறை ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சர்வீஸ் சென்டரில் மெஷின் வைத்து முறுக்கிய நட்டு, கையால் திருகினால் அசையாது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டியிருக்கும். அதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பிடியுங்கள். முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். உள்பக்க அழுக்கு பகலில் தெரியாது, இரவில் எதிர் லைட் பட்டால் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது போல் ஆகிவிடும்.

டார்ச், குடிதண்ணீர், சிவப்பு முக்கோணப் பலகை, ஒரு ஜோடி கையுறை, சில்லறையாக ஆயிரம் ரூபாய். போனில் பணம் அனுப்பலாம் என்று நம்பிப் போனால், சிக்னல் இல்லாத இடத்தில் பஞ்சர் கடைக்காரரும் நாமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வழி பார்ப்பது

மேப் எப்போதும் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் பார்க்கும். 8 நிமிடம் குறைகிறது என்று ஏரிக்கரை மேலே போகும் பஞ்சாயத்து ரோட்டில் இறக்கிவிடும். அதில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் அந்த 8 நிமிடம் ரிவர்ஸ் எடுப்பதிலேயே போய்விடும். எனவே முதல் நாள் இரவே உட்கார்ந்து, நடுவில் வரும் ஊர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். மேப் அந்த வரிசையில் இல்லாத ஊரைச் சொன்னால் கேட்காதீர்கள். மேப்பை டவுன்லோடு செய்தும் வையுங்கள். மாதேஸ்வரன் மலைக் காட்டிலும் அஞ்செட்டிப் பக்கமும் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

எந்த மாதிரி ரோட்டில் இருக்கிறோம் என்பதை மைல்கல்லே சொல்லும். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கனகபுரா வழி சத்தியமங்கலம் ரோடு மஞ்சள் தலைதான், எண் 948. பழைய ஆட்கள் இன்னும் 209 என்றே சொல்வார்கள். மஞ்சளைப் பார்த்துக்கொண்டே போனவர்கள் திடீரென்று ஆரஞ்சைப் பார்த்தால் எங்கேயோ தவறாகத் திரும்பிவிட்டோம் என்று அர்த்தம்.

பெட்ரோலைக் கொள்ளேகாலிலோ சாம்ராஜ்நகரிலோ நிரப்பிவிடுங்கள். பாதி டேங்க் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம்.

எப்போது புறப்படுவது

விடியற்காலை ஐந்து மணி. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து, ஏழு மணிக்குக் கிளம்பி, பாதிராத்திரி ஊர் போய்ச் சேரலாம் என்ற திட்டத்தை உள்வழிகளில் மறந்துவிடுங்கள். பனசங்கரியைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்த்த கண் சோர்ந்திருக்கும், அப்புறம்தான் உண்மையான ரோடே தொடங்கும்.

தவிர, நேரம் தவறினால் உள்ளே விடவும் மாட்டார்கள். திம்பம் மலைப்பாதையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதலும் கார்களுக்கு இரவு 9 முதலும், காலை 6 வரை. பந்திப்பூர் வழியாக ஊட்டி, வயநாடு போகும் ரோடுகளிலும் 2009 முதலே இரவு 9 முதல் காலை 6 வரை கேட்டை மூடிவிடுவார்கள். எட்டே முக்காலுக்குக் கேட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று பறக்கிறவர்கள் அந்த நேரத்தில் ரோட்டிலேயே மிக ஆபத்தான ஆட்கள். ஆறு மணிக்குள் மலையைத் தாண்டும்படி திட்டம் போடுங்கள். முடியாவிட்டால் சாம்ராஜ்நகரில் ரூம் எடுத்துத் தூங்குங்கள்.

ஒற்றை ரோட்டில் எதிர் வண்டி

என் புளியமரக் கதைக்கு வருகிறேன். கிராமத்து ரோட்டில் தாருக்கும் பக்கத்து மண்ணுக்கும் நடுவில் ஒரு படி இருக்கும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயர்கிறது, மண் மழையில் கரைகிறது. சில இடத்தில் அரை அடி கூட இருக்கும். சக்கரம் அதில் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை வெட்டக் கூடாது. சக்கரத்தின் பக்கவாட்டு அந்தப் படியில் முட்டி முட்டி நிற்கும், நாம் இன்னும் திருப்புவோம், திடீரென்று மேலே ஏறியதும் அந்தத் திருப்பம் முழுவதும் ஒரே நேரத்தில் வேலை செய்து காரை எதிர்ப்பக்கம் வீசிவிடும். என்ன செய்ய வேண்டும்? ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடியுங்கள், காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுங்கள், மண்ணிலேயே ஓடவிட்டு 20க்குக் கீழே கொண்டுவாருங்கள், படி தாழ்வாக இருக்கும் இடம் பார்த்து மெல்ல ஏறுங்கள்.

இதைவிட நல்லது, இறங்க வேண்டிய இடத்தை நாமே தேர்ந்தெடுப்பது. எதிர் வண்டி 300 மீட்டரில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்து, மண் சமமாக இருக்கும் இடத்தில் இடது சக்கரத்தை இறக்கி நின்றுவிடுங்கள். பஸ்ஸும் லோடு லாரியும் தாரை விட்டு இறங்க மாட்டார்கள். மழை பெய்த மண்ணில் இறங்கினால் அவர்களால் மறுபடி ஏற முடியாது. இதில் ரோஷப்பட ஒன்றுமில்லை.

முந்துவது

முன்னால் போகும் லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போடுகிறார். வலது பக்கம் திரும்பப் போகிறாரா, "நீ முந்திக்கோ" என்கிறாரா, "எதிரே வண்டி வருது, முந்தாதே" என்கிறாரா? மூன்றும் நடக்கும். போதாததற்குப் போன வளைவில் போட்ட இண்டிகேட்டரை அணைக்க மறந்தவர்களும் உண்டு. எனவே இண்டிகேட்டரை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். எதிர் ரோடு நம் கண்ணுக்கே தெரிந்தால் முந்தலாம், தெரியாவிட்டால் பின்னாலேயே போகலாம். எதிரே வருபவர் லைட்டை அடித்துக் காட்டினால் "நீ வா" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்களில் அதற்கு "நான் வருகிறேன், ஒதுங்கு" என்றுதான் பொருள்.

டிராக்டரை முந்தும்போது ஒன்று. வயலுக்குப் போகும் பாதை எங்கே இருக்கிறதோ அங்கே அது திரும்பும், இண்டிகேட்டரும் இருக்காது, கண்ணாடியும் இருக்காது, பாட்டுச் சத்தத்தில் நம் ஹாரனும் கேட்காது. டிரைவர் தலை திரும்பி நம்மைப் பார்க்கும் வரை ஹாரன் அடித்துவிட்டு அப்புறம் முந்துங்கள்.

ஊருக்குள்

ஊர் வருகிறது என்பதற்கு முதல் அடையாளம் பலகை இல்லை, வேகத்தடை. கன்னடத்துக்காரர்கள் 'ஹம்ப்' என்பார்கள். வெள்ளைக்கோடு இருக்காது. ஒரே ஊரில் நான்கு இருக்கும், நான்காவது மட்டும் மற்ற மூன்றைவிட உயரமாக இருக்கும். ஒரு விபத்து நடந்த மறுவாரம் ஊர்க்காரர்களே சேர்ந்து போட்டது அது. தென்னந்தோப்பு, கோயில் கோபுரம், பள்ளிச் சுவர், ரோட்டோர டீக்கடை என்று எது கண்ணில் பட்டாலும் அந்த நொடியே 30க்கு வந்துவிடுங்கள்.

பலகைகள் பல இடங்களில் கன்னடத்தில் மட்டும் இருக்கும். கன்னட எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிச் சொல் நமக்குத் தெரிந்ததுதான். 'திருவு' என்றால் வளைவு, 'சேதுவெ' என்றால் பாலம், 'அபகாத வலய' என்றால் விபத்துப் பகுதி. 'ரஸ்தெ உப்பு' என்று படித்துவிட்டு ரோட்டில் உப்பா என்று என் மனைவி கேட்டாள். அது மேடு, வேகத்தடை. 'காமகாரி' என்று பார்த்தால் சிரிக்காமல் வேகத்தைக் குறையுங்கள், முன்னால் ரோட்டு வேலை நடக்கிறது.

காலையும் மாலையும் பால் ஊற்றும் நேரம். கேனைச் சைக்கிளிலும் மொபெட்டிலும் மாட்டிக்கொண்டு ஊரே சங்கத்துக்குப் போகும். சாயங்காலம் மாடு திரும்பும். மாட்டிடம் ஹாரன் வேலை செய்யாது, சில மாடு அங்கேயே நின்று நம்மை முறைக்கும். நின்றுவிட்டு, அதன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், வால் பக்கமாகப் போங்கள். ஆடு அப்படி இல்லை. ஒன்று ஓடினால் பின்னாலேயே மீதி அத்தனையும் ஓடும். முதல் ஆடு கடந்துவிட்டது என்று நகரக் கூடாது. நாய்க்காக மட்டும் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள், பிரேக் போடுங்கள். சொல்ல மனசு வலிக்கிறது, ஆனால் நாயைக் காப்பாற்ற வெட்டி, மரத்தில் மோதிய கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரோட்டில் களம்

புதிதாக வருகிறவர்கள் திணறுவது இதில்தான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கனகபுராவைத் தாண்டிய எந்த உள் ரோட்டிலும், தேன்கனிக்கோட்டைப் பக்கமும், ராகிக் கதிரையும் கொள்ளுக்கொடியையும் ரோட்டின் மேலேயே பரப்பி வைத்திருப்பார்கள். முன்பு சாணி மெழுகிய களம் ஒவ்வொருவர் நிலத்திலும் இருந்தது. இப்போது அதை மெழுக ஆள் இல்லை, மாடும் இல்லை. தார் ரோடு வெயிலில் நன்றாகச் சூடாகிறது, மேலே போகும் வண்டிகள் காசு வாங்காமல் கதிரை மிதித்துக் கொடுக்கின்றன. மாடு கட்டிப் போரடித்த இடத்தில் இப்போது நம் கார். அதிகாரிகள் கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அறுவடை வந்தால் பரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆறு மாத உழைப்பு அங்கே கிடக்கிறது. ஆனால் ஆபத்து ஆபத்துதான்.

ஆபத்து மூன்று விதம். முதலாவது வழுக்கல். காய்ந்த கதிர்த் தாளின் மேல் டயர் பிடிக்காது. அடியில் தானியம் உதிர்ந்து, தரையில் கடுகு கொட்டியது போல் உருளும். மேலே ஏறிய பிறகு பிரேக்கும் போடக் கூடாது, திருப்பவும் கூடாது. ஏறுவதற்கு முன்பே 15, 20க்கு வந்து, முன்னால் போன வண்டிகள் மிதித்து நசுக்கிய தடத்திலேயே ஒரே சீராகப் போய்விடுங்கள். பைக்கில் போகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது கூட அவமானம் இல்லை.

இரண்டாவது, நீளமான கொள்ளுக்கொடி. அது கயிறு மாதிரி. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே வரும். அடியில் இருக்கும் சைலன்ஸர் பைப்பும் அதோடு சேர்ந்த புகை வடிகட்டிப் பகுதியும் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். காய்ந்த கொடி அதில் பட்டால் தீப்பிடிக்கும். கார்கள் முழுதாக எரிந்த சம்பவங்கள் கர்நாடகத்தில் நடந்திருக்கின்றன. எனவே குவியல் முழங்கால் உயரம் இருந்தால் ஏறாதீர்கள். நின்று கேளுங்கள். ஹனூர்ப் பக்கம் ஒருமுறை அப்படி நின்றேன். தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்த ஒரு பாட்டி தமிழிலேயே, "நில்லு சாமி, ஒரு ஓரமா ஒதுக்கி விடறேன்" என்று கம்பால் தள்ளி வழி விட்டார். இரண்டு நிமிட வேலை. ஹாரன் அடித்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

தாண்டியதும் 200 மீட்டர் தள்ளி, புல் இல்லாத வெறும் தரையில் நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். கொடி தொங்கினால் இன்ஜினை அணைத்து, சூடு ஆறியபின் கையுறை போட்டு இழுத்துப் போடுங்கள். கருகல் வாசமோ புகையோ வந்தால் முதல் வேலை எல்லோரையும் இறக்கித் தூரமாக நிறுத்துவது. பெட்டி, லேப்டாப் எல்லாம் அப்புறம். பானெட்டை முழுசாகத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ எழும்பும்.

மூன்றாவது, கல். தானியத்தின் மேல் வண்டி ஏறாமல் இருக்க ரோட்டிலேயே பாறாங்கல்லை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். தானியத்தை அள்ளிப் போய்விடுவார்கள், கல் அங்கேயே இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அந்தக் கல்லைச் சந்திப்பது நாம்தான்.

இருட்டிவிட்டால்

எவ்வளவு திட்டம் போட்டாலும் ஒருநாள் இருட்டிவிடும். அன்றைக்கு ஒரு கணக்கு உதவும். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்பதற்குள் 55 மீட்டர் தாண்டிவிடும். டிம் லைட் தெளிவாகக் காட்டுவது சுமார் 40 மீட்டர். அதாவது கல்லைப் பார்க்கும்போதே அதில் மோதுவது முடிவாகிவிட்டது. 60 என்றால் 40 மீட்டருக்குள் ஒருவழியாக நிற்கலாம், அதுவும் டயரும் ரோடும் நன்றாக இருந்தால். எதிர் வண்டிக்காக டிம் செய்யும் ஒவ்வொரு முறையும் 50க்கு வந்துவிடுவது என் வழக்கம்.

எதிர் லைட் கண்ணைக் கூசினால் அதைப் பார்க்காதீர்கள். இடது பக்க ரோட்டு விளிம்பையே பார்த்துப் போங்கள். அவர் டிம் செய்யவில்லை என்று நாமும் ஹை பீம் போட்டுப் பழிவாங்கினால், ஒரு குறுகிய ரோட்டில் இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருகிறோம், அவ்வளவுதான்.

மளவள்ளியைச் சுற்றிக் கரும்பு விளையும் ஊர்கள். கரும்பு ஏற்றிய டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் பின்னால் லைட் இருக்காது. கரும்பு இரண்டு பக்கமும் பின்னாலும் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், இருட்டில் வண்டியின் அகலத்தை நம்மால் கணிக்க முடியாது. முன்னால் ரோட்டின் வெள்ளைக்கோடு திடீரென்று மறைந்தாலோ, இருட்டுக்குள் இன்னும் அடர்த்தியாக ஒரு இருட்டு தெரிந்தாலோ பிரேக்கில் கால் வையுங்கள். சிவராத்திரி சமயத்தில் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகும் பக்தர்களும் இரவில் ரோட்டோரமாக வருவார்கள், கும்பல் கும்பலாக. அந்த வாரம் அந்த வழியே வேண்டாம்.

தூக்கம் வந்தால் பாட்டு, ஜன்னல் திறப்பது எதுவும் ரொம்ப நேரம் தாங்காது. ஊருக்குள், வெளிச்சத்தில், பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள்.

மழையும் பனியும்

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் நிறுத்துங்கள். ஒரு அடித் தண்ணீர் சின்னக் காரை மிதக்க வைக்கும், இரண்டு அடி பெரும்பாலான கார்களை இழுத்துப் போகும். அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பதும் நமக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவரிடம் "கார் ஹோகுத்தா?", அதாவது கார் போகுமா, என்று கேளுங்கள். அவர் தயங்கினாலே திரும்பிவிடுங்கள். பஸ் போயிற்றே என்றால், பஸ்ஸின் எடை வேறு.

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் கனகபுரா ரோட்டில் பனிமூட்டம் இருக்கும். டிம் லைட்டும் ஃபாக் லைட்டும் போதும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். நான்கு இண்டிகேட்டரையும் மின்ன விட்டுக்கொண்டே ஓட்டாதீர்கள். பின்னால் வருபவருக்கு நாம் நிற்கிறோமா திரும்புகிறோமா என்று புரியாது.

காடும் மலையும்

பெங்களூரிலிருந்து போகும்போது திம்பத்தில் நாம் இறங்குகிறோம், ஏறவில்லை. 27 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி வழியில் கருகல் வாசம் வரும், பெடல் மெத்தென்று ஆகும், அப்புறம் பிடிக்கவே பிடிக்காது. இரண்டாம் கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஆசை வேண்டவே வேண்டாம். கருகல் வாசம் வந்தால் அகலமான இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்காதீர்கள்.

ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. லாரியும் பஸ்ஸும் கொண்டை ஊசியில் திரும்ப முழு ரோடும் வேண்டும். வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, மேலேயே நின்று அவர்களை விடுங்கள். வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டால் இருவரும் மாட்டிக்கொள்வோம், பின்னால் ஐம்பது வண்டி நிற்கும்.

யானை. திம்பத்தை ஒட்டிய ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காகவே ரோட்டில் வந்து நிற்கும் யானைகள் இருக்கின்றன. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விளையும் குளிர்காலத்தில் கூட்டமாக வரும். பார்த்ததும் 100 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், லைட்டை மின்ன வைக்க வேண்டாம், இறங்கவே வேண்டாம், செல்ஃபி எடுக்கிறவரை அடுத்த முறை அழைத்துப் போக வேண்டாம். முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி நிற்காதீர்கள், அவர் ரிவர்ஸ் வரவேண்டியிருக்கும். யானை நம்மை நோக்கி நடந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். குட்டி கடந்துவிட்டது என்று நகராதீர்கள், பின்னால் ஒன்று வரும்.

காட்டுக்குள் சிறுநீர் கழிக்க நிறுத்துவதும், குரங்குக்குப் பிஸ்கட் போடுவதும் வேண்டாம். செக்போஸ்டிலேயே எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

112 எல்லாவற்றுக்கும், 108 ஆம்புலன்ஸுக்கு. இரண்டும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வேலை செய்யும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். "ஏதோ புளியமரம், பக்கத்தில் ஒரு கோயில்" என்று சொன்னால் யாரும் வர முடியாது. ஒவ்வொரு மைல்கல்லைக் கடக்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஊர்ப் பெயரையும் எண்ணையும் வாய்விட்டுப் படிக்கட்டும். பிள்ளைகளுக்குப் பொழுதும் போகும்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால் உதவத் தயங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. நம் வண்டியே மோதியிருந்தால் 134ஆம் பிரிவுப்படி அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது நம் கடமை. கூட்டம் ஆத்திரத்தில் கை வைக்கும் நிலை என்றால் அங்கே நிற்கத் தேவையில்லை என்பதையும் அதே பிரிவு ஏற்கிறது. அப்போது நேராகப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும்.

வண்டி மட்டும் நின்றுவிட்டது என்றால் பதற்றம் வேண்டாம். தாரை விட்டு முழுதாக ஓரம் கட்டுங்கள், முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வையுங்கள், எல்லோரும் ரோட்டுப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறங்குங்கள். கொள்ளேகாலைத் தாண்டிவிட்டால் தமிழ் பேசுகிற ஒருவர் எப்படியும் கிடைப்பார். ஒருமுறை பஞ்சராகி நின்றபோது ஒரு மொபெட் தானாக நின்றது. "ஊருக்காண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். டயரைப் பின்னால் கட்டிக்கொண்டு போய், ஒட்டி, முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். பெட்ரோலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

பெங்களூர் திரும்பி, பார்க்கிங்கில் நிறுத்தியதும், சாமானை இறக்குவதற்கு முன் ஒரு தடவை டார்ச் அடித்துக் கார் அடியைப் பாருங்கள். போன ஜனவரியில் என் பின்சக்கரத்து அச்சில் கொள்ளுக்கொடி ஒரு கைப்பிடி சுற்றியிருந்தது. அத்தனை தூரம் அதோடு ஓட்டி வந்திருக்கிறேன். நுனியில் இரண்டு காய் அப்படியே காய்ந்திருந்தது.